அலபாமா செனட் இடைத்தேர்தல் கணிப்புகள் (2017)

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2017 டிசம்பர் 12 அன்று நடந்த செனட் இடைத்தேர்தல், பழமைவாதம் வேரூன்றிய பகுதிகளில் வாக்காளர் மனநிலையை அறிவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டிய தேர்தல். ஜெஃப் செஷன்ஸ் அட்டர்னி ஜெனரலாகப் பொறுப்பேற்றதால் காலியான இடத்துக்குக் குடியரசுக் கட்சியின் ராய் மூரும் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்சும் போட்டியிட்டனர். முந்தைய ஆண்டு டொனால்ட் டிரம்ப் சுமார் 28 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது; ஜனநாயகக் கட்சி அங்கே கடைசியாகச் செனட் இடத்தை வென்றது 1992இல். மூர் பல ஆண்டுகளுக்கு முன் பதின்வயதுப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகளை நவம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. மூர் மறுத்தார், ஆனாலும் போட்டி கடுமையானது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், ஃபாக்ஸ் நியூஸ் கணிப்பில் ஜோன்ஸ் 10 புள்ளி முன்னிலை, எமர்சன் கல்லூரி கணிப்பில் மூர் 9 புள்ளி முன்னிலை, மான்மத் பல்கலைக்கழகக் கணிப்பில் இருவரும் சமம். இறுதியில் ஜோன்ஸ் சுமார் 22,000 வாக்குகளில், அதாவது 1.6 புள்ளியில், வென்றார்.

மாதிரிப் பிழை ஒன்றால் மட்டும் 19 புள்ளி இடைவெளி வராது. யாரை எட்டினார்கள் என்பது ஒரு காரணம்: ஃபாக்ஸ் நியூஸ் கைபேசிகளையும் அழைத்தது, கைபேசியில் பேசியவர்களிடம் ஜோன்சுக்கு ஆதரவு மிக அதிகம். அதைவிடப் பெரிய காரணம், யார் வாக்களிக்க வருவார்கள் என்ற அனுமானம். மான்மத் தன் ஒரே தரவை மூன்று விதமாகக் கணக்கிட்டது: வழக்கமான இடைக்காலத் தேர்தல் போல ஆட்கள் வந்தால் மூர் முன்னிலை, 2016 போலத் திரண்டு வந்தால் ஜோன்ஸ், மற்றொரு கணக்கில் இருவரும் சமம். ஒரு கட்சியின் கை நெடுங்காலம் ஓங்கியிருக்கும் பகுதியில் கட்சி மாறுபவர்கள் குறைவு. முடிவைத் திருப்புவது யார் வருகிறார்கள், யார் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பதுதான். கணிப்பாளர் அளக்க வேண்டியது இதை. ஆனால் இதைத்தான் பெரும்பாலும் அவர் முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறார். அலபாமாவில் 25 விழுக்காடு பேர் வாக்களிப்பார்கள் என்று மாநில அதிகாரிகள் எதிர்பார்க்க, ஏறத்தாழ 40 விழுக்காடு பேர் வந்தனர். வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜோன்ஸ் பக்கம். இன்னொரு புறம், வாக்குச்சீட்டில் இல்லாத பெயரை எழுதிப் போட்டவர்கள் வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம். மூத்த குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே அப்படித்தான் வாக்களித்தார். மூரும் வேண்டாம், எதிர்க்கட்சியும் வேண்டாம் என்பவரின் மனத்தை 'இவரா, அவரா' என்ற கேள்வி எப்படிப் பிடிக்கும்?

மூர் மீதான குற்றச்சாட்டுகளால் நேர்ந்த விதிவிலக்கு இது என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் 1964க்குப் பின் ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியைத் தேர்ந்தெடுக்காத கான்சாஸில் 2022 ஆகஸ்டில் வேட்பாளரே இல்லை. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கலாமா என்பதே கேள்வி. நீக்குவோர் 47க்கு 43 என்று முந்துவதாக முந்தைய மாதக் கணிப்பு சொன்னது. அந்த வாக்கெடுப்பு நடந்த கோடை உள்கட்சித் தேர்தலுக்கு வழக்கமாக வராதவர்கள் திரண்டு வந்ததில் 59 விழுக்காட்டினர் நீக்கக் கூடாது என்றனர். அப்படியென்றால் ஊகமே வேண்டாம், தரவு சொல்வதை அப்படியே ஏற்கலாம் என்பது அடுத்த வாதம். அயோவாவில் கணிப்பாளர் ஆன் செல்சர் பல்லாண்டுகள் அப்படித்தான் புகழ்பெற்றார். 2024இல் அவரது கடைசிக் கணிப்பு கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றது, டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். ஆகவே ஊகத்தைத் துறப்பதும் தீர்வாகாது. ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல், எந்த அளவு வாக்குப்பதிவுக்கு எந்த முடிவு என்று வெளிப்படையாகச் சொன்ன மான்மத் முறையே இவற்றில் நேர்மையானது.

2020 நவம்பரில், அலபாமாவில் ஜனாதிபதித் தேர்தலுக்குரிய முழுக் கூட்டமும் வாக்களிக்க வந்தபோது, ஜோன்ஸ் அதே இடத்தை டாமி டியூபர்வில்லிடம் சுமார் 20 புள்ளியில் இழந்தார்.