தொழிலாளியும் அகதியும்: ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு பெயர்மாற்றம்

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றைத் தொழிலாளர் நிலைநின்று நோக்குமிடத்து, அவர்தம் செய்திகள் குறைந்தமையோடு அவர்களைச் சுட்டும் பெயரும் மாறியமை புலனாகும்.

1921இல் 'தேசநேச'னைத் தொடங்கிய கோ. நடேசையர், ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியாற்றியவர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர். அவருக்குப் பத்திரிகையும் சங்கமும் ஒரே போராட்டத்தின் இரு கருவிகள். 1930இல் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகர'னும் தோன்றியபின் பத்திரிகை விளம்பரத்தையும் விற்பனையையும் சார்ந்த பெருந்தொழிலாயிற்று. அவை தோட்டப்புறச் செய்திகளை முற்றாகப் புறக்கணித்தன என்பதற்கில்லை. எனினும், உழைப்புறவு பற்றிய விமர்சனம் 'தேசாபிமானி', 'தொழிலாளி' முதலிய கட்சி ஏடுகளுக்குள் ஒதுங்கலாயிற்று.

வன்னியில் இப்போக்கின் அடுத்த கட்டத்தைக் காண்கிறோம். 1977 வன்செயலின் பின் மலையகத்தினின்று இங்கு வந்தோர் பிறர் வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றில் வாழ்ந்த முஸ்லிம்கள் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இல் போரிலிருந்து தப்பிய வன்னி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பத்திரிகைப் பக்கங்களில் இவர்கள் யாவரும் பெரும்பாலும் 'அகதிகள்', 'இடம்பெயர்ந்தோர்' ஆயினர்.

அப்பெயர் பொய்யன்று, அவர்தம் இழப்பை அது உரைக்கிறது. ஆனால் அகதியைப் பற்றி நிவாரணம் கிடைத்ததா என்றே வினவுகிறோம். தொழிலாளி எனின், யாருடைய நிலத்தில், எவ்வளவு கூலிக்கு, எச்சங்கத்தின் துணையோடு உழைக்கிறார் என வினவ நேரும். இவ்வினாக்கள் மறைந்தமையே மெய்யான வீழ்ச்சி எனலாம்.