திதியும் தேதியும்

ஒருவர் மறைந்த நாளை அவருடைய வீடு ஒரு வகையிலும் ஏடு வேறொரு வகையிலும் நினைவிற் கொள்கின்றன. வீடு திதியை வைத்திருக்கிறது. ஏடு தேதியை வைத்திருக்கிறது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் தம் குலமுன்னோரின் வரலாற்றைத் தேடப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது இந்த வேறுபாட்டைத்தான்.

ஏட்டின் பக்கத்துக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர்; சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராகத் தமிழகம் வந்து, 1854 முதல் வட திருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரமிட்டுச் சுற்றியவர். 1858 அக்டோபர் 22, வெள்ளிக்கிழமையன்று சிவகாசியில் உயிர்நீத்தார். மூன்றே ஆண்டுகளில், 1861-இல், பெரோன் என்பார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக்கிவிட்டார். மணம் புரியாமல் மறைந்த அவருக்கு வழித்தோன்றல்கள் இல்லை. தேடிவரப் பேரன் இல்லாதவருக்கு நாள், கிழமை, இடம் யாவும் துலங்கக் கிடைக்கின்றன. அதே காளயுக்தி ஆண்டு ஐப்பசியில் அதே ஊர்களில் மாண்ட உழவர்க்கும் நெசவாளர்க்கும் பேரப்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தும், அந்த நாளைச் சொல்லத்தான் ஆளில்லை.

இதற்குக் காரணம் ஐரோப்பியரின் வரலாற்றுணர்ச்சி என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. சென்னை மாகாணத்தில் குருமார் நடத்திய திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அவை இருக்கின்றன. சொத்துரிமை, விதவையர் உதவித்தொகை முதலியவற்றிற்குச் சான்று வேண்டியிருந்தமையும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பயனாயிற்று. மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியலும் பெரும்பாலும் ஐரோப்பியர் பட்டியலே. தமிழ்க் கிறித்தவரின் பெயர்களை அந்தந்தச் சபையின் தமிழ் ஏடுகளில்தான் தேட வேண்டும். திருமுழுக்கின்போது பெயர் மாறிவிடுதலால், அங்கே நூல் அறுந்ததுபோல் தோன்றும். பழைய பெயரையும் தந்தை பெயரையும் ஓரத்திலேனும் குறித்துவைத்த உபதேசியார் ஒருவர் அந்த ஊரில் இருந்திருந்தால் அது அக்குடும்பத்தின் நல்லூழ்.

எரியூட்டும் வழக்கமுடைய குடும்பங்களுக்குக் கல்லறை இல்லை. புதைக்கும் வழக்கமுடைய குடிகளிலும் பலர்க்கு மண்மேடு மட்டுமே. இரண்டு மழைக்காலத்தில் அதுவும் கரைந்துவிடும். ஆனால் திதி இருக்கிறது. மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி ஆகிய மூன்றும் தவறாமல் காக்கப்படுகின்றன. ஆண்டு மட்டும் காக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கு ஆண்டின் எண் தேவையில்லை அல்லவா? சடங்கில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லப்படும். வீட்டில் ஒருவர் இறந்து அந்த வரிசையிற் சேரும்போது, மேலே இருந்த ஒருவர் வரிசையை விட்டு நீங்குகிறார். எழுதிவைக்காத குடும்பத்தில் அவர் பெயர் அன்றோடு மறையத் தொடங்குகிறது.

எனினும் ஒரு வகையில் சடங்கு ஏட்டினும் பெருந்தன்மை உடையது. தாய், தந்தையின் தாய், பாட்டனின் தாய் எனப் பெண்களையும் அது பெயர் சொல்லி அழைக்கிறது. பட்டாவிலும் இனாம் பதிவேட்டிலும் பெண்ணொருத்தி தன் பெயரோடு வருவது நிலம் அவள் பெயரில் இருந்தால்தான். அங்கும் பலவேளை இன்னார் மனைவி, இன்னார் விதவை என்ற தொடரே முன்னிற்கும். முப்பாட்டியின் பெயரைத் தேடுவோர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமுன் வீட்டுப் பெரியவரிடமும் குடும்பப் புரோகிதரிடமும் கேட்டுக்கொள்வது நலம்.

திதியிலிருந்து ஆண்டை எட்டவும் வழியுண்டு. மாதமும் திதியும் தெரிந்து, "தாது வருடப் பஞ்சத்துக்குப் பின்" என்பதுபோன்ற ஒரு பேச்சும் வீட்டில் இருந்தால், 1876–78 பஞ்சத்தை அடுத்த இருபது ஆண்டுகளைத் தேடும் எல்லையாகக் கொள்ளலாம். இறந்த கிழமையும் நினைவில் இருப்பின் இருபது ஆண்டுகள் ஏறத்தாழ மூன்றாகச் சுருங்கும். இக்கணக்கிற்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணித அட்டவணைகள் பெருந்துணை. தென்பாண்டிப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வருமாயின், அதனுடன் 824 அல்லது 825 கூட்டினால் கிறித்து ஆண்டு கிடைக்கும்.

இம்முறை திருவில்லிபுத்தூருக்குப் புதியதன்று. ஆண்டாள் மார்கழியையும் நிறைமதியையும் சொன்னாள், வெள்ளி எழுந்ததையும் வியாழன் உறங்கியதையும் சொன்னாள், ஆண்டைச் சொல்லவில்லை. அந்தக் கோள்நிலையைக் கொண்டே மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார்; வேறு ஆண்டுகளைக் கணித்தோரும் உளர். துளசி வனத்திற் கண்டெடுக்கப்பட்டவள் என்பது மரபு. ஆதலின் அவளுக்குக் குலமரபுப் பட்டியல் இல்லை. பதிக முடிவுகளில் தன்னை வில்லிபுத்தூர் விட்டுசித்தனின் கோதை என்று அவளே பலமுறை எழுதிவைத்தாள். வளர்த்த தந்தையின் பெயரையும் ஊரையும் தன் பெயரோடு சேர்த்துத் தந்த அந்த முத்திரைப் பாக்களே அவளுக்குக் குடும்பப் பதிவு.

இராசபாளையத்தில் பெயரின் தலைப்பெழுத்தே ஒரு பதிவாகும். தெலுங்கு பேசும் ராஜுக்கள் விசயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்தவர் என்பது அவர்தம் மரபு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து, தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவின் முதலெழுத்து பூசப்பாடி என்னும் வீட்டுப் பெயர். விசயநகரம் சமத்தானத்து அரச குடும்பத்துக்கும் அதுவே வீட்டுப் பெயர். பெயரொற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது. ஆயினும் எந்தத் திசையில் தேடுவது என்பதை ஓரெழுத்து காட்டிவிடுகிறது. குமாரசுவாமி ராஜா குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். அத்தகையோர்க்கு முன்னோர் கதை ஒரு தலைமுறையைத் தாண்டி, கிழவியின் வாய்மொழியாகவே வந்து சேர்கிறது.

அரசு ஏடுகளைத் தேடுவோர் எல்லைமாற்றங்களை மறக்கலாகாது. இவ்வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டம். 1985-இல் பிரிக்கப்பட்ட பின் இன்றைய விருதுநகர் மாவட்டம். 1880-ஆம் ஆண்டுப் பதிவை விருதுநகர்த் தலைப்பில் தேடுவது வீண். ஊர்க் கணக்கர் வீட்டில் பரம்பரையாகக் கிடந்த கட்டுகள், 1980-இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டபோது, எல்லா ஊரிலும் முழுமையாக அலுவலகம் வந்து சேர்ந்தன என்று சொல்வதற்கில்லை.

ஏடுகளுள் வளம் மிக்கவை வழக்குக் கட்டுகள். பாகப்பிரிவினை, வாரிசுரிமை வழக்குகளில் வாதியும் பிரதிவாதியும் ஆளுக்கொரு வம்சாவளிப் பட்டியலைத் தாக்கல் செய்வர். ஒருவர் விட்ட பெயரை மற்றவர் எழுதுவார். ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பம் எழுத்தில் ஏதும் விட்டுச்செல்லாது. சண்டையிட்ட குடும்பத்துக்கோ நான்கு தலைமுறை வரலாறு முத்திரைத்தாளில் இருக்கும். மைந்தனின்றி இறந்தவரின் விதவை, மகள், சகோதரி ஆகியோரின் பெயர்கள் இவற்றில் வரிசை எண்ணோடு கிடைக்கின்றன. கெடு கழிந்த கட்டுகள் அழிக்கப்படுவதுண்டு. ஆதலின் தீர்ப்பின் சான்றிட்ட படி எந்தப் பங்காளி வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்பதைப் பகை ஆறிய நாளொன்றில் கேட்டறிய வேண்டியிருக்கிறது.