வீரசோழபுரத்து நிலமும் புதிய கச்சேரியும்

தென்னார்க்காடு ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், கல்வராயன் மலையின் அடிவாரம் வரை பரந்து கிடந்த கள்ளக்குறிச்சி வட்டத்து மக்களுக்கு, ஜில்லாத் தலைநகர் என்பது தலைமுறை தலைமுறையாகத் தொலைவிலேயே இருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின் நெடுநாளும் கடலூர்தான் தலைநகர். 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும் இந்தத் தொலைவு குறைந்ததேயன்றி நீங்கவில்லை. மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், ஒரு சான்றிதழுக்காகவோ நிலத்தைப் பற்றிய ஒரு முறையீட்டுக்காகவோ கலெக்டரைக் காண விரும்பினால், மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, அதற்கப்பாலும் எழுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் பிரயாணம் செய்து, அன்றைய வேலை முடியாவிட்டால் மறுநாளும் அதே பிரயாணத்தைச் செய்ய வேண்டியிருந்தது. அந்த மலை நாடோ, சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து, தேசம் சுதந்திரம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-ஆம் ஆண்டில்தான் அரசாங்கத்தின் நேரான நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தது. இத்தகைய பூர்வ சரித்திரம் உடைய ஒரு பிரதேசம் 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாக உதயமானபோது, அதற்குத் தக்கதொரு ஆட்சியர் அலுவலகம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. எங்கே கட்டுவது, எதன்மேல் கட்டுவது என்பதில்தான் விவாதம் மூண்டது.

அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் வீரசோழபுரம். அங்குள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமான ஏறத்தாழ 35 ஏக்கர் நிலம். 2020-ஆம் ஆண்டில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும் ஏற்பாடுகள் நடந்தபோதே, பக்தர்கள் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தது. சோழர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில், திருப்பணியின்றிச் சிதைந்து கிடக்கும் ஒரு பழைய கோயில். அதன் பூஜைக்கும் விளக்குக்கும் ஆதாரமாக முன்னோர் விட்டுச் சென்ற நிலம். அந்த நிலத்தின்மேல், மாவட்டத்துக்கே முகமாக விளங்கப் போகும் ஒரு பல அடுக்கு மாளிகை. ஒரு சாரார், தெய்வத்தின் சொத்தை அதன் மதிப்புக்கும் குறைவாகப் பெற்றுச் சர்க்கார் கட்டடம் எழுப்புவது தர்மமாகுமா என்று கேட்டனர். மற்றொரு சாரார், விஸ்தாரமான நிலம் ஒரே இடத்தில் வேறெங்கே கிடைக்கும், ஏழை ஜனங்களின் சௌகரியத்தை விடவா வெறுமனே கிடக்கும் தரை பெரிது என்று கேட்டனர். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. கட்டுமானம் சிலகாலம் தடைப்பட்டது. விலைக்கு வாங்கும் ஏற்பாடு கைவிடப்பட்டு, கோயிலுக்கு வாடகை செலுத்தும் நீண்டகாலக் குத்தகை என்ற ஏற்பாடு அதன் இடத்தில் வந்தது. அதன் பிறகு மாளிகையும் எழுந்தது.

பழைய ஸ்தலங்களுக்கு நடுவே உயர்ந்த புதிய கட்டடம் எழும்பும்போதெல்லாம் உலகெங்கும் இவ்வாறு ஒரு கலகம் பிறப்பது வழக்கம். பாரிஸ் நகரத்தில் 1973-ஆம் ஆண்டில் மோன்பர்னாஸ் கோபுரம் இருநூறு மீட்டருக்கு மேல் எழுந்து நின்றதைக் கண்டு மனம் கொதித்த அந்நகரத்தார், சில ஆண்டுகளுக்குள்ளாகவே, நகரின் மத்திய பாகத்தில் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு விதிக்கச் செய்தனர். நம் மதுரையிலும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பலாகாது என்ற விதி உண்டு. இத்தகைய வரம்புகளை நான் குறை கூறவில்லை. கோபுரத்தைத் தொலைவிலிருந்தே கண்டு கைகூப்பும் உரிமை வழிப்போக்கனுக்கும் உண்டு. ஆயினும் அளவுகோலைக் கொண்டு உயரத்தை மட்டும் அளந்துவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அது ஏன் என்பதைச் சென்னை மவுண்ட் ரோட்டின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

நம் பக்கத்து ஜனங்கள் முதன்முறை பட்டணம் போய்த் திரும்பியதும் வீட்டாருக்கு வர்ணித்த காட்சிகளில் ஒன்று எல்.ஐ.சி. கட்டடம். பட்டணத்தைக் காட்ட வேண்டுமானால் முதலில் இதைக் காட்டுவது என்று சினிமாக்காரர்களும் வழக்கப்படுத்திக்கொண்டனர். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வேலை அது. 1953-ஆம் ஆண்டில் பணி ஆரம்பித்தது. மறு வருஷமே செட்டியார் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் உயிர்நீத்தார். 1956-ஆம் ஆண்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் முழுவதும் தேசியமயமாகி, அரைகுறையாக நின்ற கட்டடம் புதிய கார்ப்பொரேஷனின் கைக்கு வந்தது. லண்டன் சிற்பிகளான பிரவுன், மௌலின் என்பவர்கள் வகுத்த அமைப்பை நம்மவரான எல்.எம். சிடாலே நிறைவேற்றினார். 1959 ஆகஸ்ட் 23 அன்று அப்போதைய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் அதைத் திறந்து வைத்தபோது, 177 அடி உயரமுள்ள அந்த மாளிகை இந்தியாவிலேயே உயர்ந்த கட்டடம் என்று பேசப்பட்டது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலையும், பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையும், சென்ற நூற்றாண்டுகளின் ஏனைய வர்த்தக மாளிகைகளும் வரிசையாக நின்ற வீதியில், வளைவும் குவிமாடமும் ஏதுமின்றி நேர்கோடாக வானத்தை நோக்கி எழுந்த அந்த உருவம் முற்றிலும் அந்நியமானதுதான். என்றாலும் அது தன் அயலாரில் ஒருவரையும் இடித்துத் தள்ளவில்லை. புத்தகசாலை தன் இடத்தில் நின்றது. கடிகாரக் கடை தன் இடத்தில் நின்றது. காலக்கிரமத்தில் ஜனங்கள் புதியதையும் பழையதையும் சேர்த்தே மவுண்ட் ரோடு என்று நேசிக்கக் கற்றனர்.

அபாயம் வந்தது பின்னால். அதுவும் உயரத்தின் வழியாக அன்று, உடைமையின் வழியாக. அதே வீதியில், 1897-ஆம் ஆண்டில் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக ஜே.எச். ஸ்டீபன் என்ற சிற்பி கட்டிய கார்டைல் மாளிகை, 1934-ஆம் ஆண்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாகி, தேசியமயத்தின்போது எல்.ஐ.சி. ஸ்தாபனத்தின் சொத்தாயிற்று. ஸ்தூபிகளும் குவிமாடங்களும், செங்கல் வளைவுகள் தாங்கிய நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட, இந்தோ-சாரசெனிக் பாணியின் மிக அலங்காரமான உதாரணங்களில் ஒன்று அது. பராமரிப்பின்றி விடப்பட்ட அந்தக் கட்டடம் ஆபத்தானதென்று தீர்மானிக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் இடிப்பு வேலையும் தொடங்கியது. புராதனச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது, இடிப்பு நின்றது, 2010-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அந்த மாளிகை பாதுகாக்கப்பட வேண்டியதே என்று தீர்ப்பளித்தது. புராதனக் கட்டடங்களைப் பற்றிய நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் இடம்பெற்ற 467 கட்டடங்களும் இவ்வாதத்தின் பயனாகவே பொதுஜனங்களின் கவனத்துக்கு வந்தன எனலாம். ஆனால் தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அந்த மாளிகை கூரை சரிந்து, சுவரில் செடி முளைத்து, வேலிக்குள் சிதைந்தே நின்றது. இடிக்காதே என்று கட்டளையிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வருஷாவருஷம் சுண்ணாம்பு பூசவும், முளைத்த செடியை வேரோடு களையவும் உடைமையாளருக்கு மனம் இருந்தாலொழிய, அக்கட்டளையால் கட்டடம் நிற்காது. தமிழ்நாட்டு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டும், அது நடைமுறைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியே ஐயமுறுவோர் நம் மாவட்டத்துத் திருக்கோவலூருக்குப் போய்ப் பார்க்கலாம். முதலாழ்வார் மூவரும் ஒருவரையொருவர் சந்தித்த ஸ்தலம் என்று வைஷ்ணவ உலகம் போற்றும் உலகளந்த பெருமாள் கோயிலின் ராஜகோபுரம், பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கிறது. எல்.ஐ.சி. மாளிகையைவிட அது உயரம். கோபுர வாசலின் நிழலில் நுழைந்து, வீதிபோல் நீண்ட பிராகாரத்தைக் கடந்து உள்ளே செல்லச் செல்லக் கூரை தாழ்ந்து, வெளிச்சம் ஒடுங்கி, கடைசியில் எல்லாவற்றிலும் சிறிதான கர்ப்பக்கிருகத்தின் முன் வந்து நிற்கிறோம். பிற்காலத்து அரசர்கள் தங்கள் செல்வத்தையும் பெருமையையும் வானளாவக் காட்ட விரும்பியபோது, அதை வெளி மதிலில் வாசலாகக் கட்டினார்களேயன்றி, உள்ளிருந்த பழைய சன்னிதியின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. உயர்ந்தது காவலாகவும் வழிகாட்டியாகவும் புறத்தே நின்றது. பழையது, சிறியதாயினும், மூலஸ்தானமாக அகத்தே இருந்தது.

நம் முன்னோர் பழையதைத் தொடவே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. அதே திருக்கோவலூர்க் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்தில், மிலாடு நாட்டுத் தலைவனான நரசிம்மவர்மன், செங்கல்லாலான பழைய ஸ்ரீவிமானம் வெடிப்புக் கண்டு சீர்குலைந்ததைப் பார்த்து, அதை அகற்றிக் கருங்கல்லால் எடுப்பித்தான். ஆனால் என்ன இருந்தது, அது எந்த நிலையில் இருந்தது, ஏன் அகற்றினோம், பதிலாக என்ன செய்தோம் என்பதைக் கல்லில் எழுதி வைத்தான். அவனுக்கும் முன்னால், கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய சுவர்களில் சிதறிக் கிடந்த தான சாசனங்களைப் பிரதி எடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். யாரோ எளிய குடியானவன் நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கும், எப்போதோ மறைந்த அரசனின் நிலதானமும், கட்டடம் மாறியதால் அழிந்துபோகலாகாது என்று ஓர் அரசி கவலைப்பட்டிருக்கிறார். ஜீர்ணோத்தாரணம் என்று நம்மவர் சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்தது இதுவே: புதியதைச் செய்பவன் பழையதன் கடமைகளையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் ஒருவாறு இந்தக் கருத்தையே சொல்லுகிறது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோயில் நிலத்தை விற்பதோ, அடமானம் வைப்பதோ, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ, அந்தக் கோயிலுக்கு அவசியமானதாகவோ நன்மை தருவதாகவோ இருந்தாலன்றிச் செல்லாது என்கிறது. பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே அனுமதி வழங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நன்மை யாருக்கு என்பதே கேள்வி. மாவட்டத்துக்கு நன்மை என்பதில் சந்தேகமில்லை. அந்நிலத்துக்கு உரிய கோயிலுக்கு என்ன நன்மை என்று சட்டம் கேட்கிறது. விலை கொடுத்து வாங்கிவிட்டால் கட்டடத்துக்கும் கோயிலுக்கும் உள்ள சம்பந்தம் அன்றோடு அறுந்துவிடும்; பணம் கணக்கில் ஏறி, கோயில் முன்போலவே சிதைந்து நிற்கும். குத்தகை என்றால் சம்பந்தம் நீடிக்கிறது; மாதந்தோறும் மாளிகை கோயிலுக்குக் கடன்பட்டதாகிறது. ஆகையால் வழக்குத் தொடுத்தவர்கள் அபிவிருத்திக்குக் குறுக்கே நின்றார்கள் என்ற அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. அவர்கள் வாதாடியிராவிட்டால் அந்த நிலம் வெறும் கிரயப் பத்திரமாக முடிந்திருக்கும். கட்டடமே வேண்டாம் என்று சொன்னவர்களோடும் நான் உடன்படவில்லை. வெள்ளிமலையிலிருந்து கைக்குழந்தையோடு இறங்கி வரும் ஒரு தாயாருக்கு விழுப்புரம் வரை போகும் சிரமம் நீங்கியது சாமானியமான காரியம் அன்று.

மிகுந்திருப்பது பராமரிப்பு ஒன்றே. அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் கற்களை முறைப்படி அடையாளமிட்டுச் செப்பனிட வேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தமிழில் வெளியிட வேண்டும். விமானத்தில் வேரோடும் செடிகளைக் களைய நிரந்தரமாக ஆள் வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அந்த 35 ஏக்கரின் குத்தகைப் பணமே முதல் வருமானமாக வேண்டும். திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் மனுக்கொடுக்கச் செல்லும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து அன்பர்களே, இன்னொரு மனுவையும் எழுதிக்கொண்டு போங்கள்: வீரசோழபுரத்துக் கோயிலுக்குச் சேரவேண்டிய வாடகை இதுவரை எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு திருப்பணிக்குச் செலவாயிற்று என்ற கணக்கை, கோயில் வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒவ்வோர் ஆண்டும் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.