கதிர்ப்படத் துறையில் நோயாளியின் வழி

எக்ஸ்ரே, ஒலியலை ஸ்கேன், சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய பரிசோதனைகளுக்காக வரும் நோயாளி, மருத்துவர் எழுதிய சீட்டோடு புறப்பட்டு, படத்தோடும் அறிக்கையோடும் அவரிடமே திரும்பிச் சேரும்வரை கடக்கும் படிகளின் ஒழுங்கு. யந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், உரிய நோயாளி தக்க ஆயத்தத்துடன் அதன்முன் வந்து நின்றாலன்றி அதனால் பிரயோஜனமில்லை. ஆதலால் இவ்வொழுங்கும் சிகிச்சையின் ஓர் அங்கமேயாம்.

வரலாறு: ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று கண்டறிந்த எக்ஸ் கதிர்களுக்கெனச் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பெற்றது. மார்பு எக்ஸ்ரேயை நாடும் க்ஷயரோகிகளுக்கென டாக்டர் சவுரி முத்து 1928இல் நிறுவி, 1937இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தாம்பரம் க்ஷயரோக மருத்துவமனை, இன்றும் 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்தின் பெயரிலேயே நிலைத்திருக்கிறது.

பதிவு: முதற்படியில் பெயர், வயது, படமெடுக்க வேண்டிய உறுப்பு, அதன் பக்கம் வலமா இடமா என்பவை சரிபார்க்கப்படும். "நீங்கள்தாமே முருகன்?" என்று கேட்டால், கவலையிலிருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார், ஆகவே "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்வது முறை. சாலை விபத்தில் தலையடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வருபவர் டோக்கன் வரிசைக்குக் காத்திருக்கலாகாது. வரிசையில் இருப்போரிடம் காரணத்தைச் சொல்லிவிடுதல் பணியாளரின் கடமை.

ஆயத்தம்: பித்தப்பையைப் பார்க்க வயிறு காலியாக இருக்க வேண்டும், கருப்பையை வயிற்றின் மேலிருந்து பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. பரிசோதனைக்கு முன், ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா என்று விசாரிப்பர். கதிர்களால் சிசுவுக்குத் தீங்கு நேராதிருக்கப் பெண்களிடம் கர்ப்பம் பற்றிக் கேட்பர். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இதய முடுக்கி பொருத்தியவரை முன்விசாரணையின்றி அனுமதியார். தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்குகூட வெளியிலேயே கழற்றப்பட வேண்டும். சங்கிலியைக் கழற்றத் தயங்கும் பெண்ணுக்கு மஞ்சள் நூலொன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ள இடங்கொடுத்தால், பரிசோதனையும் தடைபடாது, அவர் மனமும் நோகாது. கருவின் பாலினத்தை அறிவித்தல் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகையால், அதனைத் தெரிவிக்கும் பலகை ஸ்கேன் அறைதோறும் தொங்கும்.

படமெடுத்தல்: மார்பு எக்ஸ்ரேக்கு நோயாளி மார்பைப் பலகையில் பதித்து, மோவாயை உயர்த்தி, கைகளை இடுப்பில் ஊன்றித் தோள்களை முன்னே தள்ளி நிற்பார், தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறையாதிருக்கவே இந்நிலை. இதயத்தின் நிழல் மிகைப்படாதிருக்கக் குழாய் ஏறக்குறைய 6 அடி பின்னே நிறுத்தப்படும். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க" என்ற குரலுக்கும் "விடுங்க" என்ற குரலுக்கும் இடைப்பட்ட கணத்தில் படம் பதிந்துவிடும். எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ அரைமணி நேரமும் நீளக்கூடும்; பேரொலிக்குக் காதடைப்பும், அச்சம் மேலிட்டால் அமுக்கிப் பணியாளரை அழைக்கக் கையில் ஒரு ரப்பர் குமிழும் தரப்படும்.

அறிக்கை: எடுத்த படத்தைக் கதிரியல் நிபுணர் படித்து அறிக்கை வரைவார். மூளையில் இரத்தக்கசிவு போன்ற ஆபத்தைக் கண்டால், எழுத்துக்குக் காத்திராமல், சீட்டெழுதிய மருத்துவருக்குத் தொலைபேசியிலேயே தெரிவிப்பார். நுரையீரலில் தோன்றும் ஒரு நிழல் பழைய தழும்பா, புதிய நோயா என்பதைச் சென்ற ஆண்டுப் படம் ஒரு நொடியில் உணர்த்திவிடுதலால், நோயாளிகள் பழைய ஃபிலிம்களை எறிந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுவருதல் நன்று.