இம்மானுவேல்

பெயர்ச்சொல். பொருள்: நம்மோடு இருக்கும் இறைவன், இயேசுவின் பெயர்களுள் ஒன்று.

பண்ருட்டியிலிருந்து பலா ஏற்றிப் புறப்படும் லாரியின் நெற்றியிலும், நெய்வேலி நகரியத்தில் டிசம்பரில் தொங்கும் நட்சத்திர விளக்கின் கீழும் இப்பெயரைப் பார்க்கலாம். சாமுவேல், மனுவேல் என்பவற்றோடு சேர்த்து, இதன் இறுதியில் இருப்பது முருகன் கை வேல் என்று எண்ணுவோர் உண்டு. அப்படியல்ல. இது எபிரேயச் சொல். 'இம்மானு' என்றால் 'நம்மோடு'. 'ஏல்' என்றால் 'இறைவன்'. மிக்கேல், கபிரியேல், தானியேல் ஆகியவற்றிலும் அதே 'ஏல்'தான். இடையில் வரும் வகரம் தமிழுக்கு உரிய உடம்படுமெய்.

விவிலியத்தில் ஆகாசு அரசனுக்கு இறைவாக்கினர் ஏசாயா சொன்ன அடையாளத்தில் முதலில் வரும் பெயர் இது. அதை நற்செய்தியாளர் மத்தேயு இயேசுவின் பிறப்போடு பொருத்தினார். கடவுள் தொலைவில் நின்று அருளவில்லை, பசியும் களைப்பும் சாவும் உள்ள மனிதராகவே வந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இயேசு முழுமையான கடவுள், முழுமையான மனிதர், ஆயினும் ஒரே ஆள் என்று கி.பி. 451இல் கால்சிதோன் திருச்சங்கம் வரையறுத்தது.

போர்ச்சுக்கீசியர் வாயில் இது 'மனுவேல்' ஆனது. வாஸ்கோடகாமாவை அனுப்பிய மன்னர் பெயரும் அதுவே. கடலோரக் கத்தோலிக்கர் அவ்வடிவை ஏற்றனர். 'இமானுவேல்' என்றும் எழுதுகிறார்கள். மூலத்தில் மகரம் இரட்டிப்பதால் 'இம்மானுவேல்' என்பதே பொருத்தம்.