இடைவெளி மீள்பயிற்சி

இடைவெளி மீள்பயிற்சி என்பது கற்றதை மறக்கத் தொடங்கும் தறுவாயில், வரவர நீளும் இடைவெளிகளில் நினைவுகூர்ந்து மனத்தில் நிறுத்தும் கற்றல் முறை. இதன் முதன்மைக் கருவி, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் கொண்ட ‘ஃபிளாஷ் கார்டு’ எனும் அட்டை.

செயற்பாடு: ஆழ்வார்பேட்டை மாணவி ஒருவர் கைப்பேசி அட்டையில் ‘1/16’ என்றும் மறுபுறம் ‘மாகாணி’ என்றும் பதிவதாகக் கொள்வோம். சூப்பர்மெமோ மென்பொருளின் எஸ்.எம்.-2 கணிப்புமுறைப்படி, சரியாகச் சொன்னால் அட்டை 1 நாளிலும், அடுத்து 6 நாளிலும் திரும்பும். பிறகு இடைவெளி ஏறத்தாழ 2.5 மடங்காகி 15, 38 நாள் என நீளும். தவறினால் மீண்டும் 1 நாள்.

வரலாறு: மறதியின் வேகத்தைத் தம்மையே சோதித்து அளந்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் முடிவுகளை வெளியிட்டார். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் அட்டைப் பெட்டி முறையை விளக்கினார். போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் சூப்பர்மெமோ மென்பொருளை உருவாக்கினார். டேமியன் எல்ம்ஸின் ‘அங்கி’ மென்பொருள் 2006இல் வந்தது. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள்.

தமிழகத்தில்: திண்ணைப் பள்ளிகளின் வாய்பாட்டு நூலான எண்சுவடி இதற்கு நெருங்கிய முன்னோடி. முழு எண், பின்ன வாய்பாடுகளை மாணவர் தலைவரான சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். அங்கே வகுப்பு முழுவதற்கும் ஒரே முறை. மென்பொருளிலோ ஒவ்வொருவரின் மறதிக்கும் தனிக் கால அட்டவணை.

பயன்: மருத்துவப் படிப்பு, மொழிக் கல்வி, போட்டித் தேர்வுகளில் பெயர், ஆண்டு, சொற்பொருள் போன்றவற்றை நினைவிலிருத்த ஏற்றது. புரியாத பாடத்தை இம்முறை புரியவைக்காது. அட்டை எழுதும்போது, ஓர் அட்டைக்கு ஒரே செய்தி என்பது அடிப்படை விதி.