மேற்கோள் எண்ணிக்கைக்கு அப்பால்: ஆவடித் தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு கற்பிப்பது என்ன?

நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரின் தகுதியை இன்று பெரும்பாலும் எண்களே தீர்மானிக்கின்றன. எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், எச்-குறியீடு எவ்வளவு என்பவையே கேள்விகள். எச்-குறியீடு 40 எனில், குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட 40 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள். கட்டுரைகள் பிற ஆய்வாளர்களைச் சென்றடைந்ததை இந்த எண் காட்டும். ஆய்வுக்கு உடலைத் தந்த மக்களை அதன் பயன் சென்றடைந்ததா என்பதைக் காட்டாது. இவ்வேறுபாட்டை அறிய வெள்ளானூரை அடுத்த ஆவடியிலிருந்தே தொடங்கலாம்.

இந்திய நோய் எதிர்ப்பியலின் முன்னோடிகளுள் ஒருவர் ஜி.பி. தல்வார். தில்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தின் நிறுவன இயக்குநர். 1992இல் பத்மபூஷண் பெற்றவர். கருத்தரிப்பைத் தடுக்கும் தடுப்பூசி குறித்து 1994இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரை உலகளவில் விவாதிக்கப்பட்டது. அவருடைய மற்றொரு பெரும்பணி, எம்.டபிள்யூ எனப்பட்ட நுண்ணுயிரியைக் கொண்டு உருவாக்கிய தொழுநோய்த் தடுப்பூசி. தொழுநோய்க் கிருமியை ஆய்வகச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாது. எனவே, அதை ஒத்ததும் எளிதில் வளரக்கூடியதும் தீங்கற்றதுமான உறவு நுண்ணுயிரியைப் பயன்படுத்துவதே இதன் அடிப்படை. 2009இல் இந்நுண்ணுயிரி மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிராணி எனப் பெயர் பெற்றது.

இத்தடுப்பூசியின் மிகக் கடுமையான சோதனைகளுள் ஒன்றை நடத்தியது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஆவடியில் இயங்கிய ஜால்மா தொழுநோய் நிறுவனக் களப்பிரிவு. எம்.டி. குப்தே தலைமையிலான குழு 1991 ஜனவரி முதல் இரண்டரை ஆண்டுகளில் 1,71,400 தன்னார்வலர்களுக்கு ஊசி செலுத்தியது. பி.சி.ஜி., பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி சேர்ந்த கூட்டூசி, எம்.டபிள்யூ, ஐ.சி.ஆர்.சி. ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. ஒரு பிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்பதைப் போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார். 1998இல் இந்தியத் தொழுநோய் ஆய்விதழில் வெளியான முடிவுகள்படி பாதுகாப்புத் திறன்: ஐ.சி.ஆர்.சி. 65.5%, கூட்டூசி 64%, பி.சி.ஜி. 34.1%, எம்.டபிள்யூ 25.7%.

அதே எம்.டபிள்யூ, கான்பூர்ப் பகுதியில் நோயாளிகளின் வீட்டாரிடையே முதல் மறு ஆய்வில் 68.6%, அடுத்ததில் 59%, மூன்றாவதில் 39.3% பாதுகாப்பு அளித்ததாக 2005இல் வெளியானது. இவ்வேறுபாட்டைக் கொண்டு யாரையும் குற்றம் சாட்ட இயலாது. கான்பூரில் ஆராயப்பட்டோர் நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஆவடிக் குழு ஆராய்ந்தது பொது மக்களை. ஆயினும் ஒரு கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டி மற்றொன்றை விட்டுவிடுவோர், பாதி உண்மையையே சொல்கின்றனர். ஓர் ஆய்வாளரின் பங்களிப்பை மதிப்பிட, அவர் எழுதியதோடு அவருடைய கண்டுபிடிப்பைப் பிறர் சோதித்து எழுதியதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தொழுநோய் நமக்கு வெறும் மருத்துவப் பொருளன்று. தொடுதலை அச்சமாக்கி, மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தைத் தீண்டாமையின் வழியே நாம் அறிவோம். தொழுநோயாளரை அடைத்து வைக்க அனுமதித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. இந்நோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019இல்தான் அகன்றன. இத்தகைய இழிவு நிலவும் நாட்டில் நோய்த்தடுப்பு ஆய்வுக்குக் கை நீட்டுவது சிறு செயலன்று.

ஆனால் அந்த 1,71,400 பேரில் ஒருவர் பெயரும் எந்த மேற்கோள் பட்டியலிலும் வராது. மறைகாப்பு கருதி வரவும் கூடாது. அதற்கு ஈடாக அவர்களுக்கு உரியவை உரிமைகள். ஆய்வின் பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பு பங்கேற்பாளர் அனைவருக்கும் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம். சோதனைக்குப் பின்னும் மருந்து கிடைப்பது குறித்து 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் பேசுகின்றன. இவ்விதிகள் ஆவடி ஆய்வுக்குப் பின் வந்தவை; இனி வரும் ஆய்வுகளுக்கு அவற்றைக் கோர நமக்கு முழு உரிமை உண்டு.

ஆவடிக் களப்பிரிவு 1999இல் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் இணைந்தது. அந்நிறுவனம் இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்குகிறது. எம்.டபிள்யூ தடுப்பூசியோ காசநோய்த் தடுப்புக்காக 2019 முதல் மீண்டும் சோதிக்கப்பட்டது. ஆகவே, நம் பகுதிக்கு ஆய்வுக்குழு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: முன்னர் இதைச் சோதித்தவர்கள் கண்டது என்ன? முடிவு எங்களுக்குத் தமிழில் எப்போது சொல்லப்படும்? பலன் உறுதியானால் எங்களுக்குக் கிடைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்பே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுவோம்.